தூர்ந்துபோன கால்சியக் கோடு

நிரந்தர வேலை மடியில் வந்து விழுந்தால் வேண்டாம் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா? நெரேய்டாவுக்கு வந்தது. தால்கா நகரத்தில் கல்லூரி வேலை. போன வாரம்தான் ‘வரவில்லை’ என்று எழுதிப் போட்டாள். எல்லாம் இந்த வானாய்வு மலையில் அவள் கண்டெடுத்த ஒரு நட்சத்திரத்தை நம்பித்தான்.

பிரபஞ்சத்தில் முதலில் பிறந்த நட்சத்திரங்களில் இரும்பும் இல்லை, கால்சியமும் இல்லை. அவற்றின் ஒளியைப் பிரித்தால் உலோகங்களின் கறுப்புக் கோடுகள் தெரியாது. சின்னத் தொலைநோக்கியில் இவளுடைய நட்சத்திரத்தின் கால்சியக் கோடு துடைத்துவிட்டது போலிருந்தது. பெரியதில் பார்க்கும்வரை பொறுக்க வேண்டாமா? பாவி மகள், மலை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நேற்றிரவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாயிற்று. மத்தியானம் எழுந்து, அதை இயக்கும் எலியேசரோடு உட்கார்ந்து, ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலையைத் திறந்தாள்.

கோடு இருந்தது. நல்ல அகலமாகவே இருந்தது. நடுவில் ஓர் ஒளிமுனை எழும்பி அந்தப் பள்ளத்தைத் தூர்த்திருந்தது.

“கால்சியம் இல்லாம இல்ல நெரே,” என்றான் எலியேசர். “கொதிக்கிற கொதிப்புல அதுவே தன் கோட்டை மறைச்சிருக்கு. லித்தியக் கோட்டைப் பாரு, எவ்வளவு கறுப்பு! வயசான நட்சத்திரம்னா அது எப்பவோ எரிஞ்சு போயிருக்கும்.”

“அப்போ இது கிழவி இல்ல.”

“கிழவியா? இப்பத்தான் பொறந்த குழந்தை.”

“உலகத்துக்கெல்லாம் பாடம் எடுத்தேன், கோடு தூர்ந்திருக்கும்னு எனக்கே தோணலியே.”

“விடு. இன்னிக்கு வேற ஒண்ணு பாப்போம்.”

“நேத்தோட தொலைநோக்கியில என் முறை முடிஞ்சுதுடா. இந்த மாசத்தோட வேலையும்.”

தால்காவுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் இருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். “அடடா டாக்டர், அந்த இடத்துக்கு நேத்தே ஆள் போட்டாச்சே.”

சாயங்காலத் தேநீர் நேரம். யாராவது புதிதாக எதையாவது கண்டுபிடித்தால் சமையற்காரர் ஒலெகாரியோ மெல்லிய ஏடுகளை அடுக்கி ‘ஆயிரம் ஏட்டுக் கேக்’ செய்வது அந்த மலையின் வழக்கம். நெரேய்டா சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் கைதட்டல் காதைப் பிளந்தது.

“வா மகளே! உலகத்துலயே வயசான நட்சத்திரத்தைப் பிடிச்சவ வந்தாச்சு!” என்று ஒலெகாரியோ கேக் வெட்டும் கத்தியை நீட்டினார்.

“கை தட்டாதீங்க,” என்றாள். “நான் ஏமாந்துட்டேன். அது நேத்துப் பொறந்தது.”

ஒலெகாரியோ கத்தியை மேசைமேல் வைத்தார்.

“போனா போகட்டும் மகளே. தால்கா வேலைதான் இருக்கே?”

நெரேய்டா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.