நியூட்ரலில் நின்ற கார்

அக்கரப்பத்தனையில் விஜிதரன் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதன்முதலாகக் கார் வாங்கியவன் அவன்தான். பெருமைக்குக் கேட்கவா வேண்டும்! மனைவி பூரணிக்கு நுவரெலியாவில் பத்து மணிக்கு நேர்முகம். ஆசிரியர் வேலை, மூன்று வருடமாகக் காத்திருந்த அழைப்பு. காரில்தான் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

ஏப்ரல், உல்லாசப் பயணிகள் குவியும் சீசன். நகரத்தில் எள் போட்டால் எள் விழாது. நான்கு சுற்று சுற்றியும் நிறுத்த இடமில்லை.

"பத்தாகப் போகுதுங்க," என்றாள் பூரணி.

கடைசியில் ஒரு ஹார்ட்வெயார் கடை முன்னால் தோட்டத்து வழக்கப்படி நிறுத்தினான். கியரில் போடவில்லை, ஹேண்ட்பிரேக் இழுக்கவில்லை, டயருக்கு ஒரு கல், கதவையும் பூட்டவில்லை. கொழுந்து லொறி வந்தால் யாரும் தள்ளிவைக்கலாம். தோட்டத்தில் அதுதான் மரியாதை.

நேர்முகம் நடக்கும் அலுவலகத்துக்கு, அந்தக் கந்தோர் மாடிக்குப் போனதும் பூரணி பையைத் துழாவினாள்.

"ஐயோ, சர்டிபிகேட் பைலு பின் சீட்லயே இருக்குங்க!"

விஜிதரன் ஓடினான். காரைக் காணோம்.

"லொறி வந்திச்சு தம்பி, கீழ தள்ளிட்டோம்," என்றார் ஹார்ட்வெயார்க்காரர். பேக்கரிக்காரர் தம் பங்குக்குத் தள்ளியிருந்தார். அடுத்த மருந்துக் கடைக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? வளைவு திரும்பினால், கந்தோரின் கீழ் கேட்டை மறித்துக்கொண்டு கார் நின்றது. பின்னால் ஒரு ஜீப் ஹோன் அடித்தது. டை கட்டிய ஒருவர் இறங்கி நின்று கத்தினார்.

"எந்த மடையன்டா இத விட்டது? பத்து மணிக்கு நான் இன்டர்வியூ எடுக்கணும்!"

"மன்னிச்சுக்கங்க சேர், நான்தான்."

அவரும் டையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளினார். மாடி ஜன்னலில் பூரணியின் முகம் தெரிந்தது. கார் ஓரமானதும் விஜிதரன் பைலை எடுத்துக்கொண்டு படியேறி, அவள் கையில் கொடுத்தான். அவள் அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

முதல் பெயரே அவளுடையது. விஜிதரன் கதவோரம் நின்று காது கொடுத்தான். அதிகாரிக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"அக்கரப்பத்தனையா? அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிம்மா வந்தீங்க?"

"பஸ்லதான் சேர்."

"தனியாவா?"

"ஆமாங்க சேர், தனியாத்தான்."

விஜிதரன் கதவை விட்டு மெல்ல விலகி, அதிகாரி வெளியே வந்தாலும் கண்ணில் படாதபடி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.