சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நீளமான பொய்கூட இல்லை, ஒரே ஒரு சொல்தான்: "தெரியலைங்க." நாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார், நான் இப்படிப் பதில் சொன்னேன். அதற்கப்புறம் ஒன்பது கதை எழுதிவிட்டேன். யானை வந்த கதை, அட்டை கடித்த கதை, மேஸ்திரியைக் கிண்டல் பண்ணிய கதை. இது மட்டும் எழுத வரவில்லை. (வரவில்லையாம்! தைரியம் இல்லை என்று எழுதுடி ராஜகுமாரி.)

நான் சேரங்கோடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் நோட்டில் எழுதுவேன். அதை என் வீட்டுக்காரர் சசிதரன் போனில் டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்புவார். தப்பென்று பட்டதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார். வழக்கமாக அவற்றை எடுத்துவிடுவேன், இந்த முறை எடுக்கவில்லை. ஆகவே, சதுர அடைப்புக்குறி இருக்கிற பகுதியை அவர் பார்த்துவிட்டார் என்று அர்த்தம். இல்லாத பகுதி இன்னும் என் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பகுதி அப்படிப்பட்டது.

2

(அவரிடம் கொடுத்த தொடக்கம்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சசிதரன் தன் அம்பாசிடர் காரின் கியர் பாக்ஸை வீட்டிலேயே இறக்கத் தீர்மானித்தான்.

[என்னை 'அவன்'னு எழுதுறே. சரி, கதைதானே. – சசி]

எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற வண்டி அது. இறக்கத்தில் செகண்ட் கியர் நிற்காமல் துள்ளிக் கழன்றது. இடது கையால் கியரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினான். கூடலூர் மெக்கானிக்கிடம் விட்டால் பத்து நாள் ஆகும். திங்கட்கிழமை பிள்ளைகள் காத்து நிற்பார்கள்.

வண்டியின் மூக்கு வீட்டைப் பார்த்து இருந்தது, வால் கீழே தேயிலையைப் பார்த்து. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி மரக்கட்டை அடுக்கினான். பின் சக்கரங்கள் தரையில் இருந்தன. மச்சினன் பாலகுமார் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். ஆயிலை வடித்தாயிற்று. அடுத்து, கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டை, ரெண்டு போல்ட்டைக் கழற்றி இறக்கினான்.

[ரெண்டு இல்ல ராஜி, நாலு போல்ட்டு. – சசி]

வண்டி பின்னால் உருண்டது. பின் சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்திருந்தான்.

[இதை எழுதுறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. என் தப்புதானே. இன்னும் கொஞ்சம் வெளக்கமா எழுது, வேற யாராச்சும் படிச்சா ஜாக்கிரதையா இருப்பாங்க. – சசி]

3

அந்தக் கடைசிக் குறிப்பைப் படித்தபோது தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுபோய் குழந்தை எழுந்து அழுதது. நானும் அழுதேன். வெளக்கமா எழுதணுமாம். எழுதுகிறேன், இருங்கள்.

எங்கள் மலையில் மழைக்காலத்தில் யாரும் ஹேண்ட் பிரேக்கை நம்புவதில்லை. ஈரத்தில் பிடித்துக்கொண்டு காலையில் விடாது. வண்டியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவார்கள். அவ்வளவுதான், அசையாது. நான் லாரி டிரைவர் மகள். நடக்கப் பழகின நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். கியரில் நிற்கிற வண்டிக்குக் கல் எதற்கு என்று என் அப்பா சிரிப்பார். சசி மட்டும் கல்லும் வைப்பார். பிள்ளைகள் ஏறி இறங்குகிற வண்டியாம். அவருடைய இந்தப் பயத்தைக் கேலி பண்ணாத நாள் கிடையாது.

அன்றைக்குத் திடீரென்று மழை பிடித்தது. காற்று தார்பாயைத் தூக்கிக்கொண்டு

இல்லை. காற்றின் மேல் பழி போடப் பார்க்கிறேன். மறுபடியும் எழுதுகிறேன்.

அன்றைக்கு மழை வந்தபோது, வண்டிக்கு மேலே கட்டியிருந்த தார்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து அடித்தது. யாரோ

யாரோவா? வெட்கங்கெட்ட எழுத்து!

தார்பாயை அழுத்தி வைக்க ஏதாவது கிடைக்குமா என்று நான்தான் தேடினேன். வலது பின் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த கல் கண்ணில் பட்டது. ரெண்டு கையால் தூக்க வேண்டிய கல். வண்டிதான் கியரில் நிற்கிறதே, டிரைவர் மகளுக்குத் தெரியாதா என்று அதைத் தூக்கிக்கொண்டு போய், அவிழ்ந்த மூலையைத் தரையோடு அழுத்தி அதன் மேல் வைத்தேன். வண்டிக்கு அடியில் கிடந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலகுமார் வாளி எடுக்க உள்ளே போயிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

கியர் பிடித்து நிறுத்துவது அந்தத் தண்டு வழியாகத்தான். தண்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன பண்ண?

நாலாவது போல்ட் கழன்றதும் வண்டி கட்டையை விட்டு நழுவி விழுந்து, உருண்டு தேயிலைக்குள் நின்றது. முன் சக்கரங்களைக் கழற்றாமல் விட்டிருந்ததால் உயிர் தப்பியது. வலது கை மட்டும் கட்டைக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டியது. அவர் கத்தவில்லை. "புள்ள பக்கத்துல இருக்கா, பாரு" என்று எங்கள் மகளைத்தான் கேட்டார்.

4

ஆஸ்பத்திரியில் பாலகுமார் சொன்னான்: "மச்சான், பின்னாடி கல்லே இல்லையே. நான் பார்த்தேன். வைக்கலையா நீங்க?"

"வச்ச மாதிரிதான்டா இருக்கு."

"வச்சிருந்தா எங்க போகும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ராஜி, கல்லு வச்சேனா நானு?"

நான் சொன்னதுதான் உங்களுக்குத் தெரியுமே.

கட்டுப் போட்ட கையைப் பார்த்த பயத்தில் சொன்னேன். கை சரியானதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கை சரியாகிவிட்டது. வண்டி ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் அவருக்கு வேறொன்று உடைந்துபோயிருந்தது. ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லை. கேஸ் அடுப்பை மூன்று தரம் போய்ப் பார்க்கிறார். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறார். "கேஸை மூடுனேனா ராஜி?" என்பார். "மூடிட்டீங்க, நான் பார்த்தேன்" என்பேன். அதற்கு மட்டும் எனக்கு உடனே பதில் வந்துவிடுகிறது.

5

போன வாரம் தபித்தாள் வீட்டுக்கு வந்தாள். அவள் பிள்ளைகள் ரெண்டும் சசியின் வண்டியில் போனவை.

"அண்ணே, நாங்க எல்லாரும் சேந்து ஒரு வேன் பேசிட்டோம். நீங்க ஓட்டுறதா இருந்தா சொல்லுங்க. காலையில யானை நிக்கிற ரோட்டுல புள்ளைங்க நடந்து போகுதுங்க. வேற யார நம்பி ஏத்துறது?"

"என்னைய நம்பாதீங்க தபித்தா" என்றார். "கல்லு வைக்க மறந்தவன் நான். வச்சேன்னு இன்னமும் மனசு சொல்லுது. வைக்காததையே வச்ச மாதிரி நெனைக்கிற புத்தி இது. இதை வச்சுக்கிட்டு எட்டுப் புள்ளைங்கள ஏத்துறதா?"

நான் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய், நீங்க வச்சீங்க, நான்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சர்க்கரை போட்டு ஆளுக்கொரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தபித்தாள் திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்று வெள்ளி.

6

கதைக்காரிக்கு ஒரு வசதி உண்டு. கல்லைத் திருப்பி வைத்துவிடலாம். நோட்டில் நாலு தரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பிரதியில் தார்பாய் அவிழவே இல்லை. இன்னொன்றில், கல்லைத் தூக்கப் போனவளை, "ஏய், அதைத் தொடாத" என்று அடியிலிருந்து ஒரு குரல் தடுக்கிறது. நாலாவதில் மழையே இல்லை, கியர் பாக்ஸ் சுகமாக இறங்கி, பழுது பார்த்து, திங்கட்கிழமை எட்டுப் பிள்ளைகளும் ஏறிப் போகிறார்கள். நாலையும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

முடிவுக்கும் ரெண்டு மூன்று யோசித்தேன். அவர் படித்துவிட்டு என்னை மன்னிக்கிறார். (அதை நானே எழுதிக்கொள்வதா? நல்லா இருக்கிறது நியாயம்!) அல்லது, கல்லுக்காக அல்ல, நாலு வருஷத்துக்காக, அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார். அல்லது நான் இந்த நோட்டைக் கொடுக்காமல், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திங்கட்கிழமையைப் போகவிடுகிறேன். மூன்றாவதுதான் என்னால் முடிகிற முடிவு என்று எனக்கே தெரியும், அதனால்தான் இப்போதே எழுந்திருக்கிறேன்.

நோட்டை முழுசாக அவரிடம் கொடுத்துவிட்டுக் காம்பராவுக்குப் போகிறேன். டைப் செய்வதும் விடுவதும் அவர் பாடு. இந்தக் கதையை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் அவர் அனுப்பிவிட்டார் என்று மட்டும் தெரியும். வேன் ஓடுகிறதா, எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதை நீங்களே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியலைங்க. இந்தத் தடவை நிஜமாகவே.

கீழே அவருக்கு ஒரு இடம் விட்டிருக்கிறேன். பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதில் என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், எடுத்துவிடாதீர்கள்.

[வலது வீலுக்கு இல்ல ராஜி, இடது வீலுக்கு. நான்தான் வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. – சசி]