தோள் அளவு

திருப்பூரிலிருந்து சாம்பிள் பார்சல் வந்தபோது ஜெனிட்டாவின் கையெல்லாம் மீன் வாடை. சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் பார்சலைக் கத்தரித்தாள். உள்ளே ஐந்து சட்டைகள். கட்டிலின் மேல் பழைய போர்வையை விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கே, பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் வெயில் ஜன்னல் கம்பிகளை அப்படியே சுவரில் வரைந்துவைத்திருந்தது. துணியின் நிறம் பார்க்க அந்த வெளிச்சம் நல்லது, ஒன்றும் மறைக்க முடியாது.

அவளிடம் கடை என்று ஒன்று கிடையாது. ஒரு அலமாரிகூட இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தாள். யாராவது ஆர்டர் போட்ட பிறகுதான் திருப்பூரில் ஒரு யூனிட் அந்த ஒரே சட்டையை பிரின்ட் போட்டு, மடித்து, வாங்கியவர் வீட்டுக்கே அனுப்பும். பெங்களூரில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் எட்டு வருடம் துணி சோதித்துவிட்டு, தினசரி ரயிலும் முதுகுவலியும் சேர்ந்து துரத்த வேலையை விட்டவள் அவள். அதே கம்பெனியில் டிசைன் போட்டுக்கொண்டிருந்த வாணி பங்காருபேட்டைக்காரி. இப்போது ஒயிட்ஃபீல்டில் வேறு ஆபீஸ். வரைவது வாணி. துணி, நிறம், அளவு, வாங்குகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் ஜெனிட்டா.

கோடைக்காலச் சட்டைகளைப் பற்றி இருவரும் ஜனவரியிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். கருப்பு வேண்டாம். மோர் நிறம், வெளிர் மஞ்சள், துவைத்து வெளுத்த மாதிரி ஒரு பச்சை. மெல்லிய காட்டன், தோள் இறங்கிய லூஸ் அளவு. நெஞ்சு முழுக்க மை அப்பிய பிரின்ட் வியர்வையில் ரப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெறும் கோட்டுப் படங்கள்தான் என்று ஜெனிட்டா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வாணிக்கும் ஒரு கண்டிப்பு இருந்தது. சுரங்கத்தின் ஷாஃப்ட், ஆட்களை உள்ளே இறக்கும் கேஜ், தங்கக்கட்டி எதுவும் கிடையாது. அதையெல்லாம் எல்லாரும் போட்டுவிட்டார்கள். "நாம தினம் போற வண்டி போதும்கா." பங்காருபேட்டையில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காது. கம்பியில் சாய்ந்து நின்றபடியே போனில் விரலால் வரைவாள். கைப்பிடியில் தொங்கும் கைகள், மேல் பலகையில் அடுக்கிய டிபன் பாக்ஸ்கள், செருப்பைக் கழற்றிவிட்டு மடக்கிய கால்கள், மடியில் அவரைக்காய் உரிக்கும் ஒரு பெண். நான்கு படங்களும் துணியில் நன்றாகவே வந்திருந்தன.

ஐந்தாவது, மோர் நிறச் சட்டை. இதைத்தான் வாணி முன்கூட்டியே இணையப் பக்கத்தில் போட்டிருந்தாள். கேட்டு எழுதியவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்டிருந்தார்கள். போனில் கட்டைவிரல் நகத்தளவு பார்த்த படம். துணியில் ஒரு முழம் அகலத்துக்கு வந்ததும் ஜெனிட்டா குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள்.

ஜன்னலோரம் ஒரு ஆண். நெற்றியில் மூன்று சின்னக் கோடுகள், விபூதி. அவர் தோளில் தலை சாய்த்துத் தூங்கும் ஒரு பெண். தலைக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. அந்தப் பெண்ணின் பை அவர் மடியில் இருந்தது. சதுரச் சதுரமாக ஒட்டுத்துணி வைத்துத் தைத்த பை. ஒரு சதுரம் மட்டும் கோணலாக இருந்தது. கோணலாகப் போனது ஜெனிட்டாவின் மெஷினில்தான். பையைத் தைத்ததும் அவள்தான், தன் புருஷன் சைலஸின் அக்கா லவினாவுக்காக.

லவினா இதே வீட்டில்தான் இருந்தாள். நாற்பத்தொரு வயது. மூன்று தடவை பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். விடிவதற்கு முன்னால் ரயிலுக்குப் போய், ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவள். வீட்டில் அவள் தூங்கி ஜெனிட்டா பார்த்ததே இல்லை. சோபாவில்கூட முதுகு சாயாமல் உட்காருவாள்.

வாணிக்குப் போன் போட்டாள்.

"அஞ்சாவது படத்துல கீறவங்க யாரு?"

"தெரியாதுக்கா. தினம் அந்த சீட்டுதான். ஏன், பிரின்ட் கெட்டுப்போச்சா?"

"அது எங்க நாத்தனாருடி."

"அய்யோ தேவரே," என்று வாணி கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு மெதுவாக, "அந்த பைய எடுத்துடறேன், கண்ணாடிய எடுத்துடறேன். அப்புறம் யாரோ ரெண்டு பேரு, அவ்ளோதானே? படத்த மட்டும் விட்டுராதீங்கக்கா. மத்த நாலும் இது பக்கத்துல நிக்காது."

"மொதல்ல நெட்லேர்ந்து எடு. அப்புறம் பேசலாம்."

மடித்து உள்ளே வைப்பதற்குள் சைலஸ் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். ராபர்ட்சன்பேட்டையில் பைக் ஷோரூமில் வேலை. கை கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தவன் மோர் நிறச் சட்டையையே எடுத்தான்.

"இது ஷோக்கா கீது. நம்ம ரயிலு ஆளுங்க மாதிரியே கீறாங்க பாரு." மார்பில் வைத்துக் கண்ணாடிக்கு முன் நின்றான். "நாளைக்கி சர்ச்சுக்கு இத போட்டுக்கவா?"

தம்பியின் நெஞ்சில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள், தம்பிக்குத் தெரியவில்லை.

"சாம்பிளு அது. போட்டோ எடுக்கணும். கசங்கிரும், குடுங்க."

கூடத்திலிருந்து மாமியார், "இன்னா சட்டை, எனக்கும் காட்டேன்," என்றார். ஜெனிட்டா அவரைக்காய் உரிக்கும் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். மாமியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "துணி நல்லா கீது, ஆனா சட்டையில போயி அவரக்காயா?" என்று சிரித்தார்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. வாணி சொன்னபடி செய்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனாலும் தனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, லவினாவுக்குத் தெரியாமல், அவள் தூக்கத்தை ஊர் பேர் தெரியாதவர்களின் நெஞ்சில் ஒட்டி விற்பதை நினைத்தால் என்னவோ போலிருந்தது. சொன்னாலோ, பார்த்துவிட்டார்களே என்று அந்தத் தூக்கமும் அவளுக்கு இல்லாமல் போய்விடக்கூடும். வீட்டில் தெரிந்தால் மாமியார் முதலில் பார்ப்பது விபூதியைத்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மாமியார் படுத்துவிட்ட நேரத்தில் சட்டையை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு லவினாவின் அறைக்குப் போனாள். வாரத்துக்கான சுடிதார்களை லவினா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா கதவைச் சாத்தினாள்.

"லவினாக்கா, ஒண்ணு காட்டணும். கோச்சிக்காதீங்க. வாணிக்கு நீங்க யாருன்னு தெரியாது. பாத்தத வரைஞ்சிட்டா."

சட்டையைப் படுக்கையில் விரித்தாள். லவினா தலைமேலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். இஸ்திரிப் பெட்டி சுடிதார் மேலேயே இருந்தது. ஜெனிட்டா எட்டி அதைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். துணியில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. லவினா அதைக் கவனிக்கவில்லை.

"இவரு தூங்கலியா?" என்றாள்.

ஜெனிட்டாவுக்கு உடனே புரியவில்லை. அப்புறம்தான் அவளும் பார்த்தாள். அவர் கண்கள் திறந்திருந்தன. தோளை அசைக்காமல், கழுத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி, நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார். தோளில் இருக்கும் தலையை மட்டுமே பார்த்துப் பயந்திருந்த அவள், தோளுக்கு உரியவரின் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

"நான் எப்ப முழிச்சாலும் அவரு கண்ண மூடிட்டுதான் இருப்பாரு," என்றாள் லவினா. "ரெண்டு பேருமே தூங்கி விழறோம்னு நெனச்சேன். ரெண்டு பேரும் தூக்கத்துல இருந்தா அது யார் தப்பும் இல்ல, பாரு."

"யாருக்கா அவரு?"

"மனோகர்னு பேரு. வண்டி பொறப்படற மாரிக்குப்பத்துலயே ஏறிடுவாரு. எனக்கு எடம் போட்டு வெப்பாரு. ஆஸ்பத்திரியில பில்லிங்ல கீறாரு."

"வீட்ல?"

"அம்மா மட்டும்." லவினா நிமிர்ந்தாள். "நான் கேக்கல. அவரே ஒரு நாள் சொன்னாரு."

வெளியே யாரோ பைக்கைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"வேணான்னா எடுத்துடலாம்கா. நாலு டிசைனே போதும்," என்றாள் ஜெனிட்டா. சொல்லும்போதே அவளுக்கு அந்தப் படத்தை விட மனசில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"என் பைய எடுத்துரு. கண்ணாடியும். மூஞ்சி முடியால மறைஞ்சிதான் கீது, பரவால்ல." லவினா விரலைத் துணியில் வைக்காமல், படத்துக்குச் சற்று மேலே காற்றிலேயே நகர்த்தினாள். "கண்ண மாத்தாத."

"விபூதி?"

"அத அவருதான் சொல்லணும். நான் எப்பிடி சொல்றது?" கொஞ்சம் யோசித்தாள். "அவர கேக்காம எதுவும் செய்யாத, ஜெனி. நானே கேக்கறேன்."

"நீங்களா?"

"பின்ன யாரு கேப்பா?"

துண்டோடு சட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். பழுப்பேறிய சுடிதாரை அப்போதுதான் பார்த்து, "அடடா," என்று தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். அது போகவில்லை.

திங்கட்கிழமை லவினா கிளம்பிய சத்தம் கேட்டது, கதவு சாத்திய சத்தம் கேட்டது. ஜெனிட்டா எழுந்து டீ போட்டு, குடிக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஏடு கட்டியது. வண்டி பங்காருபேட்டையைத் தாண்டியிருக்க வேண்டிய நேரத்துக்கு வாணி கூப்பிட்டாள். முந்தின ராத்திரியே ஜெனிட்டா அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே அடங்கிய குரல்.

"அக்கா, ஏறிட்டேன். எதிர்லதான் நிக்கறேன். இன்னிக்கி அவங்க தூங்கல."

"இன்னா பண்றாங்க?"

"சட்டைய மடியில விரிச்சி வெச்சிருக்காங்க. ரெண்டு பேர் மடிமேலயும் கீது. அவரு பாத்துட்டே கீறாரு."

"பேசறாங்களா?"

"இல்லக்கா. அவங்க ஏதோ சொல்லி முடிச்சிட்டாங்க போல. அவங்க ஜன்னல பாத்துட்டு கீறாங்க."

"கோவமா கீறாரா?"

"தல குனிஞ்சிட்டு கீறாரு, தெரியல." தண்டவாளச் சத்தத்துக்கு நடுவே அவளே கேட்டாள், "வரையட்டுமாக்கா?"

"வேணாம்," என்றாள் ஜெனிட்டா. "நீ வேற பக்கம் திரும்பிக்கோ."

வாணி திரும்பிக்கொண்டாளா என்று தெரியவில்லை. போனையும் வைக்கவில்லை. டேக்கல் ஸ்டேஷன் போய், மாலூரில் வண்டி நின்றது. இடித்துக்கொண்டு ஏறுகிறவர்களின் கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒன்றாகக் காதில் மோதின. மறுபடி வண்டி நகர்ந்தது.

"மடிக்கிறாரு," என்றது வாணியின் குரல், கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக. "கூட்டத்துல கசங்கிரும்னு. கடையில மடிப்பாங்களே, அந்த மாதிரிக்கா. தோளோட தோள வெச்சி."