எலைசா பைக்கின் தகப்பன்

1.
இந்தக் கதையின் பாதியை லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில், அர்ச்சனை வரிசையில் நின்றபோது காதில் வாங்கினேன். எனக்கு முன்னால் ஒரு தாய், மகள், கைக்குழந்தை. அவர்கள் பேச்சில் அந்தக் காலத்து ஓர் ஆஸ்திரேலியப் பெண். மீதி என் சொந்தச் சரக்கு. கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவன் சொல்கிறேன்: முதலில் சொல்லும் விலையை நம்பாதீர்கள், முதல் தொடக்கத்தையும்.

1861இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டிலிருந்து வந்த எலைசா பைக், மூடுபனி சூழ்ந்த தேம்ஸ் கரையில்...

[வேண்டாம். லண்டன் மூடுபனியை எனக்கு முன்பே எல்லோரும் விற்றுத் தீர்த்துவிட்டார்கள்.]

2.
தாய்க்குச் செல்வமலர் என்று பெயர் வைக்கிறேன். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் வீடு. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பிறருடைய வம்சத்தைத் தேடிக்கொடுப்பது தொழில். ஹரோவிலிருக்கும் ஏஞ்சலா, தன் மூதாதை எலைசாவின் தகப்பனைப் பற்றி அறியக் கேட்டிருந்தாள்.

எலைசா, பைக் என்பவரை மணந்த லண்டன் திருமணப் பதிவு தெளிவாக இருந்தது: தகப்பன் தோமஸ் ஹார்வெல், கப்பல் தலைவர், காலமானவர். அவர் நினைவாக ஏஞ்சலா வீட்டில் தலைமுறைக்கொரு தோமஸ்.

ஹோபார்ட் ஞானஸ்நானப் பதிவு வேறு சொன்னது. தாய், இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதி. தகப்பன் பெயருக்கான இடத்தைக் குமாஸ்தா வெறுமையாக விட்டிருந்தார். ஹார்வெல் என்பவர் எலைசாவை லண்டனுக்கு ஏற்றிவந்த கப்பலின் தலைவர். அவள் அவரைப் பதிவில் காலமாக்கிய பின்னும் இருபது வருடம் சுகமாக வாழ்ந்தவர்.

பொய்யைப் பிடித்துவிட்ட பெருமிதத்தில் செல்வமலர்...

[பெருமிதம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுக்கே இல்லாத கண்ணாடி.]

3.
1989இல் இலங்கையிலிருந்து செல்வமலரை இங்கே கொண்டுவந்தது ஏஜென்ட் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட். அதில் தகப்பன் பெயர் சபாரட்ணம். அவளைப் பெற்றவர் வல்லிபுரம். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். பயம் போன பிறகும் பெயர் போகவில்லை. மகள் அஜித்தாவுக்கு இது தெரியாது.

ஏஞ்சலாவுக்கான அறிக்கையைத் தட்டச்சு செய்பவள் அஜித்தாதான். மடியில் பிள்ளை. செவ்வாய்க்கிழமை அதன் பிறப்பைப் பதிய வேண்டும்.

"முதற்பேர் ஆரணன். பின்னாலை அம்மப்பான்ரை பேர், சபாரட்ணம். டீச்சர்மாருக்கு நாக்குச் சுளுக்கட்டும்" என்றாள். பிறகு திரையைப் பார்த்து: "ஏஞ்சலா பாவம் என்ன, அம்மா? இத்தனை வருசமா ஆரோ ஒராளின்ரை பேரைக் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கினம். எங்களுக்கெண்டா அந்தக் கரைச்சல் இல்லை."

"பிள்ளையை இஞ்சாலை தா" என்றாள் செல்வமலர்.

4.
முடிவு அ: அவள் அப்போதே சொல்லிவிடுகிறாள். [அப்படியானால் முப்பது வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள்.]

முடிவு ஆ: அறிக்கையில் 'விவரம் கிடைக்கவில்லை' என்று எழுதச் சொல்லி, எலைசாவையும் தன்னையும் ஒன்றாகக் காப்பாற்றுகிறாள். [செவ்வாய்க்கிழமை வரைக்கும். அன்று அந்தப் பெயர் பிள்ளையின் பதிவிலும் ஏறும்.]

இனி நான் கண்ணால் கண்டது. அவர்கள் முறை வந்தது. ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் முழுப் பெயர் என்ன என்றார். மகள் வாயைத் திறக்குமுன் தாய் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தானே ஒரு பெயரைச் சொன்னாள். மகள் திரும்பித் தாயைப் பார்த்தாள், பார்த்தபடியே நின்றாள்.

எனக்குக் கேட்கவில்லை.

[பொய். கேட்டது. இந்தக் கடையில் விற்பனைக்கில்லாதது அது ஒன்றுதான்.] ஹோபார்ட் குமாஸ்தாவைப் போல நானும் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். பேனா உங்கள் கையில்.