முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ

ஸ்லாவ்காவின் பொறாமை முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தது. செப்டம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை, திராட்சை வரத்து தொடங்குவதற்கு முந்தைய வாரம், பொட்லிப்பா கூட்டுறவுச் சங்கத்தின் எடை மேடையில் அதை நிறுத்தார்கள். உருளைக்கிழங்கு லாரிக்கும் ஒரு காளைக்கும் நடுவே எடையாளர் போகோமிர் பதிவேட்டில் நீல மையால் அதை எழுதி வைத்திருக்கிறார். சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பொறாமைக்கு எடை உண்டு என்று தெரிந்ததில் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் ஆறு ஜெரேனியப் பூந்தொட்டி வைத்தால் ஏழாவது வாங்காமல் தூங்காத ஜனங்கள் நாங்கள். சனிக்கிழமை எவன் முதலில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கிளப்புகிறான் என்பதில் இரண்டு குடும்பங்களுக்குப் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. இத்தனை காலம் யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்துப் பொறாமைக்கு இந்த எடை கொஞ்சம் குறைவு என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

முப்பத்தோரு வருஷம் என்பது ஸ்லாவ்காவும் ரெஸ்காவும் ஒன்றாக வேலை பார்த்த காலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டு வண்டித் தொழிற்சாலையில் இருவரும் எதிரெதிர்த் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்தார்கள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அங்கிருந்து புறப்பட்டுப் போயின. தைத்தவர்களில் ஒருத்திகூட அவற்றில் ஓர் இரவு படுத்ததில்லை. மதிய இடைவேளையில் இருவரும் இன்னும் சக்கரம் பூட்டாத ஏதாவது ஒரு வண்டிக்குள் ஏறி, ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவித் தின்பார்கள். "இன்னைக்கு எங்கடி இருக்கோம்?" என்று ரெஸ்கா கேட்பாள். "ஸ்பெயின். கடல் தெரியுது பாரு" என்பாள் ஸ்லாவ்கா, எதிரே இருக்கும் பெயின்ட் டப்பா அடுக்கைக் காட்டி. இந்த விளையாட்டு தங்கள் இருவருக்கும் பாதிப் பாதி சொந்தம் என்று ஸ்லாவ்கா நினைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

ஓய்வுபெற்ற மறு வருஷம் ரெஸ்காவின் புருஷன் வின்கோ, பத்து வருஷம் ஓடிய ஒரு வீட்டு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து, வேலிக்கு அடுத்திருந்த தங்கள் வாசலில், ஸ்லாவ்காவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தினான். விடுமுறைக்கு இல்லையாம், நிரந்தரமாகவாம். வீட்டை ஒரு பல் டாக்டர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நவம்பரில் கிளம்பி, குளிர்காலத்தைத் தெற்கிலும் கோடையை வடக்கிலும் கழிப்பார்களாம். கடிதமெல்லாம் மகள் வீட்டு முகவரிக்குப் போகுமாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரெஸ்கா இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். ஸ்லாவ்கா, "நல்லதுடி, ரொம்ப நல்லது" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு உள்ளே போய், அடுப்பில் இல்லாத பாலைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோடை முழுக்க ரெஸ்கா வீடு காலியாகிக்கொண்டே இருந்தது. சாதாரண லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் மூவாயிரத்து ஐந்நூறு கிலோவுக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால், வின்கோ சமையல் தராசை வாசலில் வைத்து எல்லாவற்றையும் நிறுத்தான். பீங்கான் தட்டு போய் பிளாஸ்டிக் வந்தது. மூன்று வாணலி ஒன்றானது. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூடப் பாதியாக அறுத்தான். அலமாரி, தையல் இயந்திரம், ஊறுகாய் ஜாடி எல்லாம் ஒவ்வொன்றாக ஸ்லாவ்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அவளும் வால்நட் சுருள் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு உதவிக்குப் போனாள். உதவி என்பது பேருக்குத்தான்; கண் முழுக்க வண்டி மேல் இருந்தது. கூரையில் சூரிய மின்தகடு பொருத்தியதைப் பார்த்தாள், கித்தான் பந்தல் விரிந்து சுருங்குவதைப் பார்த்தாள், வயிறு எரிந்தது. ஒரு நாள் ஜன்னல் திரையைத் துவைக்கக் கழற்றியபோது, ஓரத் தையலின் கடைசியில் மூன்று தரம் திருப்பி அடித்த முடிச்சைக் கண்டாள். தொழிற்சாலையில் அப்படி முடிக்கிறவள் அவள் ஒருத்திதான். நூல் வீணாகிறது என்று மேற்பார்வையாளரிடம் எத்தனையோ தரம் திட்டு வாங்கியிருக்கிறாள். ரெஸ்கா இனி ஸ்லாவ்கா தைத்த திரைக்குப் பின்னால்தான் தூங்கி எழுந்து, அவள் தைத்த திரையை விலக்கித்தான் ஸ்பெயின் கடலைப் பார்ப்பாள். அன்று மாலை வண்டி நாலு விரல் கீழே இறங்கி நின்றது. டயரில் காற்று இல்லை என்று நினைத்து வின்கோ அடித்துப் பார்த்தான். காற்று சரியாகத்தான் இருந்தது.

அதனால்தான் எடை மேடைக்குப் போனார்கள். வின்கோவின் கணக்குப்படி ஆள், தண்ணீர், எரிவாயு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நானூற்று நாற்பது வரவேண்டும். மேடை மூவாயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டு காட்டியது. வின்கோ மேஜையை இறக்கினான், சைக்கிளை இறக்கினான், கடைசியில் ரெஸ்காவையும் இறக்கினான். இறக்கியதுதான் குறைந்தது, கூடுதல் முந்நூற்றுப் பன்னிரண்டு இம்மியும் அசையவில்லை. இறக்கியதையெல்லாம் மறுபடி ஏற்றினான். பின்னால் நாலு டிராக்டர் வரிசையில் நின்றன. போகோமிர் கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார். ஜாடி மூடி வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, ஸ்லாவ்கா சைக்கிளோடு தீவன மூட்டை ஓரம் நின்றிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வண்டியில ஏறுங்க" என்றார் போகோமிர்.

"நான் எதுக்கு ஏறணும்? மூடி வாங்க வந்தவ நான்."

"மூடி எங்கயும் ஓடிப்போகாது. ஏறுங்க சொல்றேன்."

ஏறினாள். எண் சரசரவென்று இறங்கி மூவாயிரத்து ஐந்நூற்று எட்டில் நின்றது. இறங்கச் சொன்னார், மறுபடி எழுநூற்று ஐம்பத்திரண்டு. "ஏறுங்க" என்றார், "இறங்குங்க" என்றார், மூன்று தரம். ஸ்லாவ்காவின் உடம்பு அறுபத்தெட்டு கிலோ; அதையும் கழித்தால் கணக்கு ஒரு கிலோ பிசகாமல் வந்தது. "சரக்கு உங்களோடதுதான்" என்று போகோமிர் சொன்னபோது டிராக்டர்காரர்கள் சிரித்தார்கள். "அப்ப அவளையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்கப்பா, எடை குறையும்" என்றான் ஒருவன். "அப்பவும் எட்டு கிலோ ஜாஸ்தி, பட்டினி போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்" என்றான் இன்னொருவன். ரெஸ்கா சிரிக்கவில்லை. ஸ்லாவ்கா மூடி வாங்காமலே சைக்கிளை மிதித்தாள்.

மூன்று நாள் ஜன்னல் கதவைத் திறக்கவில்லை. அவள் புருஷன் லுட்விக் குன்றின் மேலிருக்கும் திராட்சைக் குடிசையே கதியென்று கிடப்பவன். மதுப் பீப்பாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்காத இடத்தில் அவனுக்குத் தூக்கம் வராது. அதனால்தான் அவர்களுக்கு இப்படி ஒரு வண்டி என்ற பேச்சே ஒரு நாளும் எழவில்லை. "ஊர்ல எல்லாருக்கும் இருக்கறதுதானேடி. உன்னோடதை நிறுத்துட்டாங்க, அவ்வளவுதானே" என்று ஆறுதல் சொன்னான். பாவமன்னிப்புக்குப் போனாள். பாதிரியார் கொடுத்த பத்து ஜெபமாலையில் பதினொரு கிலோ குறைந்தது. மறுநாள் ரெஸ்கா பந்தலடியில் இரண்டு மடக்கு நாற்காலி போட்டுக் காபி குடிப்பதைப் பார்த்ததும் அந்தப் பதினொன்றும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாற்காலிதான். மூன்றாவது இல்லை.

அப்போதுதான் ஸ்லாவ்காவுக்கு இன்னொன்று உறைத்தது. எடை குறையாவிட்டால் வண்டி கிளம்பாது. வண்டி கிளம்பாவிட்டால் ரெஸ்கா எங்கேயும் போக முடியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வேலைக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்து பொறாமைப்பட்டாள். ஆரஞ்சு மரங்களை நினைத்தாள். டிசம்பரில் செருப்பில்லாமல் மணலில் நடக்கும் ரெஸ்காவின் காலை நினைத்தாள். அக்டோபரில் மேடை முன்பிருந்ததைவிட இருபத்தொன்பது கிலோ கூடுதலாகக் காட்டியது. வின்கோ வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "பல் டாக்டர் சாமானை ஏத்திட்டான், தெரியுமா? நான் தெருவுல நிக்கவா? உன் கண்ணைக் கொண்டுபோய் வேற எங்கயாவது வை, புண்ணியமாப் போகும்!" ஸ்லாவ்கா ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தாள். அவளை நியாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போவதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் முதலில் பேசட்டும்.

ரெஸ்கா மட்டும் தன் வேலையில் இருந்தாள். காலையில் எங்கோ போவாள், மதியம் முகம் சிவந்து திரும்பி வருவாள். ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய மஞ்சள் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்து, ஸ்லாவ்காவின் ஜன்னலில் ஜெரேனியம் உதிரும் அளவுக்கு உரசிப் போனது. மேலே, மேகத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லும்படியான உயரத்தில், ரெஸ்கா ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓட்டுநர் பள்ளி வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அறுபது வயதில் கனரக லைசென்ஸுக்குப் போயிருக்கிறாள். பின்னால் எடுக்கும் சோதனையில் ஒரு தரம் தோற்று, இரண்டாம் தரம் ஜெயித்தாள். வண்டியின் காகிதத்தையும் கனரகத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு, அன்று சாயங்காலமே ஸ்லாவ்காவின் சமையலறைக்கு வந்து லைசென்ஸை மேஜையில் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டே போறேன்" என்றாள்.

"எதை?"

"உன்னோடதைத்தான். முந்நூத்தி நாப்பத்தியொண்ணு ஆயிருக்காம், போகோமிர் சொன்னாரு. கொழுத்துப் போச்சு."

ஸ்லாவ்காவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "எதுக்குடி அதைச் சுமக்கறே? திட்டிட்டுப் போயேன். வின்கோ மாதிரி கத்திட்டுப் போயேன்."

"வின்கோவுக்கு என்ன தெரியும்? அவன் என்னை நினைக்கறதை நிறுத்துப் பாத்தா ஒரு வாணலி கனம் வருமா?" ரெஸ்கா மிச்சமிருந்த சுருள் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "கூட வர்றியான்னு கேட்டா வருவியா?"

"படுக்கை ஒண்ணுதானே இருக்கு."

"ஒண்ணுதான்."

"லுட்விக் பீப்பாயை விட்டு வரமாட்டான்."

"வரமாட்டான். அப்ப இது வரட்டும்" என்றாள் ரெஸ்கா. "நீ பாட்டுக்குப் பொறாமைப்படு. குறைச்சுக்காதே."

திராட்சை ரசம் மதுவாகும் மார்ட்டின் திருநாளன்று கிளம்பினார்கள். ரெஸ்காதான் ஓட்டினாள், வின்கோவிடம் அந்த எடைக்கான லைசென்ஸ் இல்லை. அன்று வடகிழக்கிலிருந்து புர்யா என்கிற சூறைக்காற்று இறங்கியிருந்தது. விபாவா பள்ளத்தாக்கில் பாதையை மூடுவதற்குள் மூன்று வீட்டு வண்டிகள் குப்புறக் கவிழ்ந்தன. அவற்றுக்கு நடுவே இவர்களுடைய வண்டி நட்டுவைத்த கல் மாதிரி நின்றது, டம்ளரில் இருந்த தண்ணீர்கூட ஆடவில்லை. சாயங்காலம் வின்கோ போன் செய்தான். சாதாரணமாகப் போனைத் தொடாதவன். நெடுநேரம் தொண்டையைச் செருமினான். "சரி... இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். ஊரில் அதை நன்றி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வருஷங்கள் போயின. சிசிலியிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் அட்டைகள் வந்தன. ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு மூன்று கிலோ ஏறும். மார்ட்டின் திருநாளுக்கு ஊருக்கு வரும்போது முதல் வேலையாக எடை மேடைக்குப் போவார்கள். ஸ்லாவ்கா நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, மூடி வாங்குகிற சாக்கெல்லாம் இல்லாமல், கூண்டுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். குறையவில்லை என்று போகோமிர் தலையாட்டினால் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். மற்ற பெண்களுக்கு அதைப் பார்த்து வயிறு எரிந்தது. தங்களுடையதை இப்படி யாரும் ஊர் ஊராகக் கொண்டுபோவதில்லையே என்று.

நாலாவது வருஷம் பிப்ரவரியில் ஸ்லாவ்காவுக்கு மூட்டு மாற்றினார்கள். சின்ன விஷயம்தானே என்று ரெஸ்காவுக்குச் சொல்லவில்லை. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது தலைமாட்டில் போன் அலறிக்கொண்டிருந்தது. எடுத்தால் ரெஸ்கா, மூச்சு வாங்க, பின்னால் காற்றின் இரைச்சல்.

"அடியே, எங்கடி போனே? வண்டி திடீர்னு மேலே எழும்பிடுச்சு. படி இவ்வளவு உசரத்துல நிக்குது. சாலை ஓரமா நிறுத்திட்டு ரெண்டு மணி நேரமா உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். வின்கோ அழறான்."

"முட்டி ஆபரேஷன்" என்றாள் ஸ்லாவ்கா. நாக்கு இன்னும் புரளவில்லை. "தூங்க வெச்சுட்டாங்க."

"நீ செத்துட்டியோன்னு நினைச்சேன்டி."

"இப்ப எங்க இருக்கே?"

"ஸ்பெயின். பாதாம் மரமெல்லாம் பூத்திருக்கு. ரெண்டு பக்கமும் வெள்ளையா. அந்தாண்ட கடல் தெரியுது."

ஸ்லாவ்கா தன் காலைப் பார்த்தாள். தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டு. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. பாதாம் பூவையும் அதற்கு நடுவில் கையில் போனோடு நிற்கும் ரெஸ்காவையும் நினைத்தாள். வயிற்றுக்குள் பழகிய அந்த எரிச்சல் மெல்ல மூண்டது. போனில் ஸ்பிரிங் கிறீச்சிட்டு அமுங்கும் சத்தம் கேட்டது.

"உக்காந்துடுச்சா?" என்றாள்.

"உக்காந்துடுச்சு" என்றாள் ரெஸ்கா. "வின்கோ, ஏறு, கிளம்பலாம்."

ஸ்லாவ்கா போனை வைத்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு சூப் கேட்டாள்.