ஆண்டி வீட்டில் ஒரு வேலைநாள்

ஆண்டியின் வீட்டில் சிக்னல் கிடைத்தது ஒரே ஓர் இடத்தில்தான். தமிழ்வேந்தன் செல்போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டை மூன்று முறை சுற்றி வந்து, கடைசியில் பின்வாசலுக்கு உட்புறம், ஓடு தாழ்ந்து இறங்கும் மூலையில் இரண்டு கோடு ஏறுவதைக் கண்டுபிடித்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தான். போனை ஓட்டுக்குக் கீழே சட்டத்தில் செருகி, அதிலிருந்து இணைப்பு எடுத்தான். ஒன்பது மணியாக நான்கு நிமிடம் இருந்தது. திரையின் ஓரத்தில், ஆள் வேலையில் இருக்கிறான் என்று காட்டும் பச்சைப் புள்ளி வந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

"அவ்ளோதானா? வேலைக்குப் போய்ட்டியா?" என்றான் ஆண்டி. கையில் இரண்டு டம்ளர் டீ இருந்தது.

"போய்ட்டேன்."

பத்து மாதத்துக்கு முன்னால் தமிழ்வேந்தன் சென்னை அறையைக் காலி செய்தான். ஏதோ ஒரு நாட்டு ஆஸ்பத்திரிகளின் காப்பீட்டுத் தாள்களைச் சரிபார்க்கிற வேலை. அதை எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன என்று தோன்றியது. மணலூர்பேட்டையில் இருந்த சொந்த வீட்டில் அண்ணன் குடும்பத்துக்கே இடம் போதவில்லை. பைக், இரண்டு பை, படிக்கிற காலத்துச் சிநேகிதர்கள் வீட்டில் மாதத்துக்கு ஒன்றாகத் தங்கல். பின்னால் கடல், முன்னால் லேப்டாப். பின்னால் மலை, முன்னால் லேப்டாப் என்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான். வாழ்ந்தால் உன்னைப்போல் வாழணும் என்று எல்லோரும் எழுதினார்கள். ஓசூரில் இளவரசன் வீட்டில் இவன் உள்ளறையைப் பிடித்துக்கொண்டதால் அவனுடைய அப்பா வராண்டாவில் படுத்ததோ, கடலூரில் ஒரு கல்யாணத்தில் காதில் மாட்டியதைக் கழற்றாமலே பந்தியில் உட்கார்ந்து எழுந்ததோ படத்தில் வரவில்லை. மவுஸ் மூன்று நிமிடம் அசையாவிட்டால் பச்சை மஞ்சளாகும். மஞ்சளானால் மேலாளர் சிவசங்கர் கூப்பிடுவார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஏழுவரை அப்படி. ஞாயிற்றுக்கிழமை தூங்கவும் அடுத்த ஊருக்கு வண்டி ஓட்டவுமே சரியாக இருக்கும். இது ஒன்பதாவது வீடு. ஒரு வீட்டிலாவது ஒரு மனுஷனோடு முழுசாகப் பேசினோமா என்று யோசித்தால் நினைவுக்கு எதுவும் வரவில்லை.

ஆண்டி கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் இவனோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவன். டிப்ளமோ முடித்ததும் கல்வராயன் மலைக்கே திரும்பி, அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரில் மரவள்ளியும் தினையும் போட்டுக்கொண்டிருந்தான். போன வாரம் அவனே போன் செய்து "ஒரு தபா வந்துட்டுப் போடா" என்றான். குரல் என்னவோ போல இருந்தது. நேற்று வந்து இறங்கியபோது வீட்டில் அவன் மனைவி வெள்ளச்சியைக் காணோம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான்.

இப்போது டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அவ சும்மா போகல. கோச்சிக்கினு போய்ட்டா. பதினோரு நாளாச்சி."

"இன்னாடா ஆச்சி?" கண் திரையில் இருக்க, வாய் மட்டும் கேட்டது.

"எனுக்கும் உன்ன மாரி வேலை வேணும்னேன். நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டு, சென்னையில ஆறு மாசம் கத்துக்கினு வரேன்னேன். உன் போட்டோவெல்லாம் காட்டனேன். போனவன் திரும்ப மாட்டேன்னு அழுவறா. நீ வந்து எடுத்துச் சொன்னா கேப்பா, உம்மேல மரியாதை ஜாஸ்தி அவளுக்கு. அரை நாளு போதும்டா."

வெள்ளச்சியின் அம்மா ஊர், மேட்டைத் தாண்டி முக்கால் மணி நேர நடை. வண்டி போகாது. சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிடம். லீவு வேண்டுமென்றால் பதினைந்து நாள் முன்னால் எழுதித் தர வேண்டும். தமிழ்வேந்தன் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, ஆண்டி அவன் விரலுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்த மவுஸைப் பார்த்தான்.

"இத ஆட்டிக்கினே இருந்தா போதுமா?"

"போதும். ஆனா..."

"அப்ப நான் ஆட்டறேன். நீ போய் பேசிட்டு வா."

"நீயும் வராம நான் மட்டும் எப்புட்றா?"

"நான் போனா சண்டதான் வரும்."

மறுத்திருக்க வேண்டும். அது அவனுக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் அதைவிட்டால் வேறு வழியும் தெரியவில்லை. பதினொன்றரைக்குள் முடிந்தமட்டும் தாள்களைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆண்டி டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல மவுஸைப் பிடித்தான். இணைப்பு போனில் இருந்ததால் போனும் அங்கேயே இருந்தது.

பத்து மாதத்தில் போன் இல்லாமல் நடப்பது இதுதான் முதல் தடவை. மேடேறும்வரை உடம்பு லேசாக இருந்தது. கடுக்காய் மரங்களைத் தாண்டியதும் கை தானாகப் பாக்கெட்டைத் தொட்டது. அதற்கப்புறம் அடிக்கடி தொட்டது. இந்நேரம் மஞ்சளாகியிருக்குமா, சிவசங்கர் கூப்பிட்டிருப்பாரா என்று அவன் மனம் அந்த டிரம்மையே சுற்றியது.

வெள்ளச்சி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா காசியம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"வாங்கண்ணா. அவரு எங்க?" வெள்ளச்சி இவனுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "வூட்ல இருக்கான். என் கம்ப்யூட்டர பாத்துக்கினு."

அவள் கத்தி நின்றது. "என்னக் கூப்புட உங்கள அனுப்பிட்டு, உங்க வேலைய அவரு பாத்துக்கினு குந்திக்கினு இருக்காரா?"

காசியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வெள்ளச்சி சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்கண்ணா. அந்த வேலை நல்லா இருக்குதா?"

வழியெல்லாம் பதிலைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தான். வெயிலில்லை, சேறில்லை, மாதம் பிறந்தால் சம்பளம், ஆறே மாதம், ஆண்டி கட்டாயம் திரும்பி வந்துவிடுவான். சொல்ல வாயெடுத்தான். கை மறுபடியும் பாக்கெட்டுக்குப் போயிற்று.

"இன்னாண்ணா தேடறீங்க? வந்ததுலருந்து பாக்கெட்டயே தொட்டுக்கினு இருக்கீங்க."

"ஒண்ணுமில்லம்மா."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காய்ச்சல் கண்டவனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு அடுத்த கிழங்கை எடுத்தாள். "அவரு வந்து கூப்ட்டா வரேன். அவரு வரணும். போய்ச் சொல்லுங்க." சற்றுக் கழித்து, "சாப்ட்டுப் போங்க" என்றாள்.

"நேரமில்ல."

"தெரியும்."

திரும்பும் வழியில் பாதி தூரம் ஓடினான். ஆண்டி அதே இடத்தில், முதுகு வளைந்து, கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சோறு மூடியபடி இருந்தது.

"ரெண்டு தபா போன் அடிச்சிது. நான் எடுக்கல. அப்புறம் ஃப்ரீயா இருக்கியான்னு எழுதி வந்துகினே இருந்திச்சி. ஆமான்னு போட்டேன். ஒடனே நாப்பது வந்து வுழுந்திச்சி." மவுஸை விட்டுக் கையை உதறினான். "ஒண்ணுக்குக்கூட எழுந்திருக்கலடா. ஒரு தபா கண்ணு அசந்துட்டேன், மஞ்சளா ஆயிடிச்சி. ஒடம்பே ஆடிப்போச்சி எனுக்கு, யாருன்னே தெரியாத ஆளுக்கு. பத்து மாசமா நீ இப்படியேவா குந்திக்கினு இருக்க?"

தமிழ்வேந்தன் குனிந்து மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். திரையில் நாற்பது தாள்கள் வரிசையாக நின்றன.

"அவ இன்னா சொன்னா?"

"நீயே வரணுமாம்."

ஆண்டி கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தான் போடும்போதே அவன் முகம் மாறிவிட்டிருந்தது. ஹாஸ்டலில் ஊருக்குக் கிளம்பும் நாளில் இருக்கும் முகம் அது. "நீயும் வாடா. ரெண்டு பேருமா போய்க் கூட்டிக்கினு வரலாம். பேசிக்கினே போவலாம். நேத்துலருந்து ஒண்ணுமே பேசலியே."

அப்போது லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது. சிவசங்கர், வீடியோவில்.

"நீ முன்ன போ. நான் இத முடிச்சிட்டு..."

ஆண்டி வாசற்படியில் கொஞ்சம் நின்றான். "இல்ல, நீ பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. முன்கதவைச் சாத்தாமல் போயிருந்தான்.

"எங்க இருக்கீங்க தமிழ்?" என்றது சிவசங்கரின் முகம்.

"வீட்லதான் சார்."

"நடுவுல ஆளையே காணோமே. சரி, கேமராவ அணைக்காம அந்த நாற்பதையும் முடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

முதல் தாளைத் திறந்தான். ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவருக்கு முழங்கால் அறுவை. திறந்து கிடந்த முன்வாசலில் நிழல் ஆடியது. ஒரு கோழி படியேறி வந்து, கழுத்தைச் சாய்த்து இவனை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. கூடத்தின் நடுவே, ஆண்டி காலையில் சாக்கு விரித்துத் தினையைப் பரப்பி வைத்திருந்தான். கோழி ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு தொண்டைக்குள் கொக்கரித்துக் குஞ்சுகளைக் கூப்பிட்டது. ஏழெட்டு வந்தன.

முகத்தைக் கேமராவுக்கு நேராக வைத்துக்கொண்டே தமிழ்வேந்தன் இடது காலை மெல்ல நீட்டினான். எட்டவில்லை. இடுப்பை இறக்கி இன்னும் நீட்டினான்.

"பாக்கறீங்களா?" என்றார் சிவசங்கர்.

"பாத்துகிட்டுதான் இருக்கேன் சார்."

கோழி சாக்கின்மேல் ஏறி நின்று இரண்டு காலாலும் வாரிச் சீய்த்தது. தினை சிதறித் தரையெல்லாம் உருண்டது. மஞ்சள் மணிகளில் சில, நீட்டிய அவன் பெருவிரல்வரை வந்து முட்டி நின்றன.