எண்பத்தேழிலேயே நின்ற கெட்டில்

லிம்பெர்ட் கலிசாயாவின் வாய்க்கு எல் ஆல்டோ சந்தையே பயப்படும். அடிக்கிற ஆள் இல்லை, கெட்ட வார்த்தை பேசுகிற ஆளும் இல்லை. சீனாவில் கப்பலேறி, சிலியில் இறங்கி, லாரியில் மலையேறி வருகிற விநோதச் சாமான்களை வியாழக்கிழமைச் சந்தையின் நட்டநடுவில் ஒரு மடக்கு மேசையில் வைத்து, போனில் லைவ் போட்டு, ஊர் பார்க்க ஓட்டிக் காட்டுவான். கடைசியில் "எடுத்துக்கோங்க" என்பான், இல்லாவிட்டால் "கிட்டப் போகாதீங்க" என்பான். அதற்குப் பிறகு அந்தச் சாமானின் தலையெழுத்தை மாற்ற யாராலும் ஆகாது.

முட்டை உரிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது. முட்டையை விட்டுவிட்டு அவன் விரலை உரித்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் விசிறி வந்தது. பனிக்காற்றில் பல் கிட்டிக்கிற ஊரில் எவன் கழுத்தில் விசிறி மாட்டுவான்? அதையும் இவன் மாட்டிக்கொண்டு காலை முழுக்க நின்றான், சளி பிடித்ததுதான் மிச்சம். ஆனால் ஜனங்கள் நம்பினார்கள். கடைக்காரர்கள் வாங்கித் தரும் சூப்பைக்கூட அவன் தொடமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவனிடம்தான் பாத்திரக்கடைப் பாசிலியா தன் கெட்டிலைக் கொண்டுவந்தாள்.

பாசிலியா யாரோ எவளோ அல்ல. அவனுடைய கல்யாணத்துக்கு ஞானத்தாய். கட்டில் மெத்தை வாங்கிக் கொடுத்தவள், பேண்டு வாத்தியத்துக்கு ஏற்பாடு செய்தவள், புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் வட்டத் தொப்பியை அழுத்திக்கொண்டு முதலில் வந்து நிற்கிறவள். அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஞானத்தாயைக் கூப்பிடுகிற முறைப்படி மத்ரீனா என்றுதான் கூப்பிடுவான்.

"மகனே, இந்தத் தடவை சொக்கத்தங்கமா கொண்டாந்திருக்கேன்" என்றாள் அவள், பெட்டியைப் பிரித்தபடியே. "மூடியில பாத்தியா, ஒரு குருவி? பக்கத்துல தண்ணிச் சூடு நம்பரா ஓடும். நூறைத் தொட்டதும் குருவி வாயைத் தொறந்து பாடும். கரண்டு தானா நின்னுரும். கப்பல் வர்ற இகிகேல கடைக்காரன் போட்டுக் காட்டுனான். என் ரெண்டு காதால கேட்டேன்டா. கேட்ட எடத்துலயே கண்ணு கலங்கிருச்சு."

"எத்தனை எடுத்தீங்க, மத்ரீனா?"

"லாரி நெறைய. கையில இருந்த முதல் அத்தனையும் இதுலதான் கெடக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அடுத்த வியாழக்கிழமை லைவ். பாசிலியா மேசைக்குப் பக்கத்திலேயே, பாவாடை மடிப்புகளைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டுக்காரி மாதிரி நின்றாள். பார்க்கிறவர்களையெல்லாம் அவளே கூப்பிட்டு, பாட்டைப் பற்றிச் சொன்னாள். எதிர்க்கடைப் போர்வைக்காரி பாஸ்குவாலாவும் வந்து முன்வரிசையில் நின்றாள். இரண்டு பேருக்கும் பல வருஷமாக ஆகாது.

நம்பர் ஓடியது. அறுபது, எழுபது, எண்பது, எண்பத்தைந்து, எண்பத்தேழு. அங்கேயே நின்றது. தண்ணீர் கலகலவென்று கொதிக்கிறது, ஆவி லிம்பெர்ட்டின் மூஞ்சியில் அடிக்கிறது, குருவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் காத்திருந்தது. அங்கங்கே செருமல் கேட்டது.

"குருவிக்குத் தொண்டை கட்டிருச்சு போல!" என்றாள் பாஸ்குவாலா. "யாராச்சும் ஒரு கோகா டீ குடுங்களேன், பாவம்!"

சிரிப்பு கிளம்பியது. பாசிலியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடடா, படையல் போடலையேடா! புதுச் சாமானைப் பூமித்தாய்க்குக் காட்டாம ஓட்டினா அது எப்படி ஓடும்?"

ஓடிப்போய் ஒரு பீர் பாட்டில் வாங்கி வந்தாள். மேசையின் நாலு மூலையிலும் தெளித்தாள், தரையில் தாராளமாக ஊற்றினாள், கெட்டிலின் தலையில் வண்ணக் காகிதத்தூள் தூவினாள். முறையாகத்தான் செய்தாள், யாரும் குறை சொல்லமுடியாது. நம்பர் எண்பத்தேழிலேயே நின்றது. தண்ணீர் பாதிக்கு மேல் வற்றி, அடி கருகுகிற வாடை வந்ததும் லிம்பெர்ட் பிளக்கைப் பிடுங்கினான்.

போனில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மத்ரீனா நிற்கிறாள். ஆனாலும் சொன்னான்.

"கிட்டப் போகாதீங்க."

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினானா? கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது, அந்தச் சிரிப்பில் அவனுக்கும் நாக்கு அரித்தது. "மத்ரீனா கேட்ட பாட்டு, பக்கத்துக் கடை ரேடியோவுல வந்ததா இருக்கும்" என்று சேர்த்துவிட்டான்.

சந்தையே அதிர்ந்து சிரித்தது. பாஸ்குவாலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

பாசிலியா கெட்டிலை எடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். "என் சரக்கு மட்டம்னு சொல்லு, பொறுத்துக்கறேன். அது உன் தொழில். நான் கேட்டேன்னு சொன்னதைக் கேக்கலைன்னு சொல்லிட்டியே. இந்தச் சந்தையில என் வார்த்தையை நம்பித்தானேடா வாங்குறாங்க. என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே." திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் மானம் கப்பலேறியது, கப்பலுக்குக் கடல்கூட இல்லாத நாட்டில்.

அதற்கப்புறம் அவளுக்கு 'ரேடியோ பாசிலியா' என்று பெயர் விழுந்தது. கெட்டிலோடு போயிருந்தால் பரவாயில்லை. பாத்திரம் வாங்க வந்தவர்கள், "இது துரு பிடிக்காதுன்னு நெசமாவே தெரியுமா, இல்ல ரேடியோவுல சொன்னாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்கும் அடுத்த வியாழக்கிழமை அவள் கடை திறக்கவில்லை.

வீட்டில் லிம்பெர்ட்டின் மனைவி நில்டா அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாசிலியாவின் கிடங்கிலிருந்து ஒரு கெட்டிலை அவளே போய் எடுத்து வந்தாள். சந்தையில் அடி கருகினதையும் தேய்த்துக் கழுவி, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் கொதித்தன. இரண்டும் எண்பத்தேழில் நின்றன.

"பாத்தியா, ரெண்டும் கெட்டது" என்றான் லிம்பெர்ட்.

"மண்டையில மூளை இருக்கா உனக்கு? கெட்டதுன்னா ஒண்ணு எழுபதுல நிக்கும், இன்னொண்ணு தொண்ணூறுல நிக்கும். சொல்லி வச்ச மாதிரி ஒரே எடத்துலயா வந்து நிக்கும்?"

அவன் இரண்டு நம்பர்களையும் மாறி மாறிப் பார்த்தான். அடுப்பில் காலையிலிருந்து பயறு வெந்துகொண்டிருந்தது. மலை உச்சியில் பயறு வேக அரைநாள் ஆகும், தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், அதற்குமேல் எவ்வளவு எரித்தாலும் சூடேறாது. இது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லித் தருவார்கள். ஆனால் கொதிக்கிற தண்ணீருக்கு எவன் நம்பர் வைத்துப் பார்த்தான்? இந்தத் தண்ணீருக்கு எண்பத்தேழுதான் உச்சம். குருவியோ நூறுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. சாகும்வரை காத்திருந்தாலும் இந்த ஊரில் நூறு வராது. இகிகே கடற்கரையில் இருக்கிறது, அங்கே வரும்.

"ஐயோ, சரக்கு கெட்டதில்ல நில்டா. ஊர்தான் ஒசரம்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அவங்க கேட்டிருக்காங்க. நெசமாவே கேட்டிருக்காங்க."

அன்றைக்கே ஓடினான். பாசிலியா கதவைப் பாதிதான் திறந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நான் பொய் சொல்லல" என்றாள்.

"இல்ல, மத்ரீனா."

"இதை எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. ஊர் முன்னாடி சொன்னவன் ஊர் முன்னாடி சொல்லு."

"சும்மா வாயால சொன்னா, ஞானத்தாயை விட்டுக்கொடுக்காம பேசுறான்னு சொல்லுவாங்க. காட்டணும். இகிகே போலாம், வாங்க."

போனார்கள். இறக்கம் முழுக்க பஸ்ஸில் பாசிலியா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். எல்லைக்கிட்டே ஆரஞ்சு வாங்கினாள். உரித்தாள், முழுக்க அவளே தின்றாள். சுளை ஒன்றுகூட அவன் பக்கம் நீட்டவில்லை. அவனும் கேட்கவில்லை, கேட்கிற மூஞ்சி அவனுக்கு இருந்தால்தானே.

இகிகேயில் அதே கடை. வியாழக்கிழமையாகப் பார்த்துத்தான் போயிருந்தார்கள். சந்தையில் மானத்தை வாங்கிய அதே கெட்டிலையே லிம்பெர்ட் கையோடு எடுத்து வந்திருந்தான். கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே பிளக் கொடுத்தான். லைவ் போட்டதும் எல் ஆல்டோவிலிருந்து பார்க்க ஆட்கள் குவிய ஆரம்பித்தார்கள், பாஸ்குவாலாவும் போனில் வந்துவிட்டாள்.

எண்பத்தேழு வந்தது. லிம்பெர்ட் போனைக் கெட்டிலுக்குக் கிட்டே கொண்டுபோனான். எண்பத்தெட்டு. "போடு!" என்று ஒரு கமெண்ட் விழுந்தது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றொன்பது. அங்கே கொஞ்சம் தயங்கியது. இதுவும் காலை வாரிவிட்டால் அவன் எந்த முகத்தோடு ஊர் திரும்புவான்? பிறகு டக்கென்று ஒரு சத்தம். கரண்டு நின்றது. குருவி வாயைத் திறந்து பாடியது.

பாட்டா அது, கடவுளே! தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு. இதைக் கேட்டா இவளுக்குக் கண் கலங்கியது? ஆனால் பாசிலியா நிமிர்ந்து நின்று, கடைசிக் கீச்சுவரை கேட்டாள்.

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றான் லிம்பெர்ட் போனைப் பார்த்து. "மத்ரீனா சொன்னது அத்தனையும் நெசம். நம்ம ஊர்த் தண்ணி எண்பத்தேழுலயே கொதிச்சிரும், அதான் இது அங்க பாடல. இங்க பாடுது. இதுல ரேடியோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரேடியோன்னு சொன்ன என் வாய்தான் ஓட்டை வாய். ஊர் முன்னாடி மன்னிப்புக் கேக்கறேன், மத்ரீனா."

கமெண்டுகள் கொட்டின. 'பாசிலியா அக்கா வாழ்க' என்றார்கள். 'கடல் நம்மகிட்ட இருந்திருந்தா நம்ம வீட்டுலயும் பாடியிருக்கும்' என்று ஒருவர் எழுதினார். அதை லிம்பெர்ட் உரக்கப் படித்தான். அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. 'எங்க கிடைக்கும்?' 'எனக்கு ஒண்ணு எடுத்து வை, அக்கா.' 'பாடாட்டியும் பரவாயில்ல, எனக்கு ரெண்டு.'

லாரிச் சரக்கு முழுவதும் எல் ஆல்டோ கிடங்கில்தான் கிடந்தது. அவன் சும்மா இருந்தாலே போதும், சாயங்காலத்துக்குள் பாதி தீர்ந்துவிடும். அவன் கமெண்டுகளையே மேலே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான்.

"தீர்ப்பு சொல்லுடா" என்றாள் பாசிலியா.

"எதுக்கு மத்ரீனா? அதான் பாடிருச்சே."

"இங்க பாடுச்சு. அவங்க அங்கல்ல இருக்காங்க. நாளைக்கு ஒருத்தி அடுப்படியில வச்சுட்டு, குருவி கூப்பிடும்னு நம்பி வெளிய போயிருவா. தண்ணி வத்தி வீடு பத்திக்கும். சொல்லு."

அவன் போன் பக்கம் திரும்பினான். "இது நல்ல சாமான்தான்" என்றான். "ஆனா நம்ம ஊருக்கு ஆகாது. கிட்டப் போகாதீங்க."

பாசிலியா போனைத் தன் பக்கம் திருப்பினாள். "கேட்டீங்கல்ல? இவன் சொன்னா சொன்னதுதான். யாரும் வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு, அவளே லைவை அணைத்தாள்.

அணைத்த பிறகுதான் கடை வாசலில் ஒரு மரப்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். லிம்பெர்ட் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "இந்தக் கடைக்காரன் ஒண்ணைக்கூடத் திருப்பி எடுக்கமாட்டான், மொத்தமும் போச்சேடா, மகனே" என்று அவன் தோளில் சாய்ந்து, ஒரு லாரிச் சரக்கு முழுவதற்கும் சேர்த்து வாய்விட்டு அழுதாள்.